புகார் எதுவும் இல்லை

இதை எனக்குச் சொன்னவர் திருமதி சௌந்தரவல்லி. பேரிடருக்குப் பின் கைபேசிச் சேவையும் இணையமும் உண்மையில் திரும்பினவா என்று நேரில் பார்த்துக் கையெழுத்திடும் அரசு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன இடம் திருச்சி உறையூரில் அவர் வீட்டு முன்னறை. காலம், ஓய்வு பெற்ற ஆண்டின் ஆடி மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு பிற்பகல்கள். முதல் நாள் நடந்ததை மட்டும் சொன்னார்; அது கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் அவராகவே, "நேத்து சொன்னது ரிப்போர்ட்டுங்க. இன்னிக்குச் சொல்றதை எழுதிக்குங்க" என்று தொடங்கி, அந்த ஒரு மணி நேரத்தில் மனம் போன வழிகளையெல்லாம் சொன்னார். கீழே வருவது அந்த இரண்டாம் நாள் வடிவம். அவருடைய பேச்சை எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன். பிறர் பேசியதாக அவர் சொன்னவற்றை அவர் சொன்னவாறே விட்டிருக்கிறேன். ஊர்ப்பெயர்கள் அவர் விருப்பப்படி மாற்றப்பட்டவை.

இரண்டு மணி பத்து. ஜெனரேட்டர் நின்றுவிட்டது, நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தமாக இருந்திருக்கிறது என்று காதுக்குப் புரிகிறது, நெடுநாள் கட்டியிருந்த கட்டு ஒன்றை அவிழ்த்துவிட்டது போலக் காதோரம் குளிர்கிறது, அதற்குள் உப்பளத்துக் காற்று புகுகிறது, எங்கோ தகரம் ஒன்று தகரத்தின் மேல் தட்டிக்கொண்டே இருக்கிறது, புயல் அடித்து ஏழாவது நாளிலும் அந்தத் தகரத்துக்கு ஓய்வில்லை. கைபேசிக் கோபுரத்தின் அடியிலிருக்கும் இரும்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. எரியட்டும், பச்சை விளக்கை நான் நம்புவதில்லை, ஒன்பது ஆண்டுகளாக நம்புவதில்லை. மூன்று பத்து வரை இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கோபுரம் காலையில் வந்த மின்சாரத்திலும் தன் பேட்டரியிலும் தானாக ஒரு மணி நேரம் நின்றால், மணலிக்கோட்டகத்துக்குச் சேவை திரும்பியது என்று எழுதுவேன், லாரி ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு அலையாத்திமேட்டுக்குப் போகும். மூன்றேகாலுக்குள் கிளம்பியாக வேண்டும், நாலு மணிக்கு மேல் கடல் ஏறி ஓடைத் தரைப்பாலம் முழுகிவிடும், லாரி இக்கரையிலேயே நின்றுவிடும், அலையாத்திமேட்டுக்காரர்கள் எட்டாவது நாளையும் ஒரு குரல்கூடக் கேளாமல் கழிக்க வேண்டும். இவ்வளவும் சரிதான். ஆனால் எதிரே, வேரோடு சாய்ந்த தென்னையின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அஞ்சம்மாளுக்கு மூன்று மணிக்கு வீடியோவில் அழைப்பு வரவேண்டும், அதுவும் சரிதான், இரண்டு சரிகளுக்கு நடுவில் ஒரு பேட்டரி இருக்கிறது, ஆறு நாளுக்கு முன் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்ற பேட்டரி. நிறுத்துவதற்கு முன் அவளிடம் போய்ச் சொன்னேன், சொல்லாமல் நிறுத்தியிருக்கலாம், எந்த விதியும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை. "ஜெனரேட்டரை நிறுத்தப் போறோம்மா, தானா நிக்குதான்னு பாக்கணும், நின்னா நிக்கும், இல்லேன்னா மூணு மணிக்கு உங்க போன் வராம போகலாம்," என்றேன். அவள் என்னை அல்ல, ஜெனரேட்டரைப் பார்த்தாள், உப்பு வெளுத்த விரல்களால் கைபேசியின் விரிசல் விழுந்த கண்ணாடியைத் துடைத்தாள், "நீங்க இது இல்லாமத்தானேம்மா எங்கள வுட்டுட்டுப் போவப் போறீங்க? அப்ப நீங்க இருக்கயிலயே நிக்கிதான்னு பாத்துக்குறது நல்லது. நிறுத்துங்க," என்றாள். அவ்வளவுதான். நான் ஒரு வாரமாகக் கட்டுப்பாட்டு அறைக்கு எழுதிய பதினோரு விளக்கக் குறிப்புகளிலும் சொல்லத் திணறியதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

காலையில் நடந்த முதல் அழைப்பும் அவளுடையதே. அது என் வழக்கம், நிறுவனத்தாரின் சோதனைக் கைபேசியை நான் கையால் தொடுவதில்லை, ஊரில் ஒருவரை அவருடைய கைபேசியிலிருந்து அவருக்கு வேண்டியவரை அழைக்கச் சொல்வேன், கேட்டது எப்படியிருந்தது என்று அவர் வாயால் சொல்வதை அப்படியே குறிப்பேட்டில் எழுதுவேன். கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு. எம்மருமவ குரல்தான், ஆனா தண்ணி குடிச்சிட்டுப் பேசறா. வட்டம் மூணு சுத்து சுத்திட்டு மூஞ்சி வந்திச்சு. இவற்றை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாமல் அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள், நானும் திருப்பி அனுப்புவேன். அஞ்சம்மாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் மகன் வீரக்குமாரை அழைத்தாள். புயலன்று வீட்டு உத்தரம் விழுந்து அவள் கணவர் பக்கிரிசாமியின் பாதம் நசுங்கிவிட்டது, மறுநாள் மீட்புப் படகில் தூக்கிப் போனார்கள், அதன் பிறகு ஆறு நாள் இருக்கிறாரா இல்லையா என்றுகூட ஒரு சொல் இல்லை. மகனின் குரல் கேட்டதும் அவள் அழவில்லை, "சாப்டியாடா?" என்றாள். சீழ் ஏறிவிட்டது, பாதத்தை எடுக்க வேண்டும், மூன்று மணிக்கு டாக்டர் வருவார், ஆனால் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், உன் அம்மா காலைப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் போடுகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார் என்றான் மகன். அவள் என்னிடம் சொன்னாள், "கல்யாணம் ஆயி முப்பத்தோரு வருசத்துல எங்கிட்ட ஒண்ணு கேட்டுச் செஞ்சதே கெடயாது அந்த மனுசன். இப்பப் பாருங்க, கால எடுக்க மட்டும் எங்கிட்ட கேக்கணுமாம்." சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன், சிரித்த அதே வாயால். இரண்டு பதினேழு. ஏழு நிமிடம். என் கையெழுத்துக்கு ஓர் ஊர் காத்திருக்கிறது, தஞ்சாவூரில் ஒரு கையெழுத்து இந்த ஊருக்காகக் காத்திருக்கிறது.

ஏழு நிமிடம் நிற்பது பெரிதல்ல, பதினைந்து நிமிடம் நிற்பதும் பெரிதல்ல, எந்த பேட்டரியும் பதினைந்து நிமிடம் நல்ல பிள்ளையாக இருக்கும். "மேடம், புத்தகத்துல பதினஞ்சு நிமிஷம்தான் போட்டிருக்கு," என்கிறார் அன்வர்தீன், நிறுவனத்தின் களப் பொறுப்பாளர், நாற்பத்தைந்து வயது, ஆறு நாளாக ஷூவைக் கழற்றவில்லை, கழற்றினால் திரும்பக் கால் உள்ளே போகாது என்கிறார். "யார் புத்தகத்துல?" "உங்க புத்தகத்துலதான் மேடம், எங்க புத்தகத்துல அஞ்சு நிமிஷம்." அவர் மேல் எனக்குக் கோபமில்லை, கோபுரத்தில் ஏறும் ஆட்கள் வரவில்லை என்றதும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தானே பாதி ஏறியவர், இறங்கி வந்து, "மேலேர்ந்து பாத்தா ஊரே இல்ல மேடம், ஆனா எல்லாரும் இருக்காங்க," என்றவர். புத்தகத்தில் ஒரு மணி நேரம் இல்லை, உண்மைதான், அது நான் வைத்த நேரமும் அல்ல. அதை வைத்தவர் கலியமூர்த்தி. இந்தப் பெயரிடம் வராமல் இந்த ஒரு மணி நேரத்தைக் கடந்துவிடலாம் என்று ஒவ்வோர் ஊரிலும் நினைக்கிறேன், ஒவ்வோர் ஊரிலும் பதினைந்தாம் நிமிடத்தில் வந்துவிடுகிறது. ஒன்பது ஆண்டுக்கு முந்திய புயல். அன்று நான் களத்தில் இல்லை, சென்னையில், குளிரூட்டிய கட்டுப்பாட்டு அறையில், சுவர் அகலத்துக்கு ஒரு திரை, திரையில் கோபுரங்கள் புள்ளிகளாக, சிவப்பு மாறிப் பச்சை, சிவப்பு மாறிப் பச்சை, பார்க்க எவ்வளவு நிறைவாக இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை. மூன்றாம் நாள் அறுபத்தொரு கோபுரங்கள் ஒன்றாகப் பச்சையாயின, அறுபத்தொரு தாள்கள், தாளுக்கு ஒரு கையெழுத்து, நாற்பதாவது தாளில் பேனா நின்றுவிட்டது, அலுவலக உதவியாளர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனா எடுத்துக் கொடுத்தார், நன்றி என்றேன், அது நன்றாக நினைவிருக்கிறது, பேனாவுக்கு நன்றி சொன்னேன். நாற்பத்து மூன்றாவது தாள் செம்பியன்கரை. பச்சை. கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி இருக்கும், பொதுமக்களிடமிருந்து வந்த புகார்கள். எதுவுமில்லை என்று தட்டச்சாகியிருந்தது. புகார் எதுவும் இல்லை. நான் அதைப் படித்தேன், படித்துவிட்டு மகிழ்ந்தேன், இதுதான் என்னை விடுவதில்லை, படிக்காமல் போட்டிருந்தால் கவனக்குறைவு என்று ஒரு பெயர் வைத்துவிடலாம், நான் படித்து, ஆறுதலடைந்து, போட்டேன்.

இரண்டு முப்பத்தொன்று. கோபுரம் நிற்கிறது. என் கைபேசி ஒலிக்கிறது, ஒலிக்கிறதே என்று முதலில் மகிழ்ச்சி, பிறகுதான் யார் என்று பார்க்கிறேன், கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரங்கபாஷ்யம், நானும் அவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இப்போது அவர் எனக்கு இரண்டு படி மேல். "என்ன வல்லி, மாநிலம் முழுக்கப் பச்சைப் பசேல்னு இருக்கு, நடுவுல உன் ரெண்டு ஊரு மட்டும் குங்குமப் பொட்டு வச்ச மாதிரி செவப்பா நிக்குது. அஞ்சு மணிக்கு மேல இருக்கறவங்க பத்திரிகைக்காரங்களைப் பாக்கறாங்க. ஒரு பொட்டையாவது அழிச்சுக் குடேன்." "மூணு பத்துக்கு அழியும்." "இப்பவே எங்கிட்ட பேசிண்டுதானே இருக்கே? வேலை செய்யறதோல்லியோ?" "உங்ககிட்ட பேச வேலை செய்யுது. மூணு மணிக்கு ஒரு அம்மாவுக்கு வேலை செய்யணும்." "நீ மாறவே மாட்டே," என்றார், அதில் அலுப்பும் இருந்தது, ஏதோ பழைய மரியாதையும் இருந்தது, வைத்துவிட்டார். மாறவே மாட்டேனா. நான் மாறியவள், ரங்கபாஷ்யத்துக்குத் தெரியாது, அந்த அறுபத்தொரு தாளுக்கும் மறு பார்வைக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான், அவரும் அன்று மகிழ்ந்தார், இருவரும் காப்பி குடித்தோம். நாலு நாள் கழித்துச் செம்பியன்கரை வட்டாரத்துக்கு ஆய்வுக்குப் போனேன், ஆய்வு என்பது மேசை போட்டு உட்கார்வது, ஒன்றிய அலுவலகத்து வாசலில் மேசை. வரிசையில் கலியமூர்த்தி நின்றார், ஐம்பதுக்கு மேல் வயது, ரேஷன் கடையில் எடை போடுபவர், பதினாலு கிலோமீட்டர் சைக்கிளில் வந்திருக்கிறார், பாதி வழி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு. ரேஷன் அட்டைப் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய பெயர்கள், ஊரிலுள்ள இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும். "என்னங்க இது?" "புகாருங்க." "எதைப் பத்தி?" "எங்க ஊர்ல செல்லு எடுக்கலைங்க. புயலன்னைக்குப் போனது, போனதுதான்." நான் மடிக்கணினியைத் திருப்பித் திரையைக் காட்டினேன், செம்பியன்கரை, பச்சை; புகார், எதுவுமில்லை. அவர் குனிந்து பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார், ஏளனமில்லை, குழந்தை தப்பாகக் கூட்டியதைப் பார்த்துச் சிரிப்பது போல, "ஏம்மா, புகார் சொல்றதுக்கும் போனு வேணுமேம்மா," என்றார்.

இரண்டு நாற்பது. புகார் சொல்வதற்கும் போன் வேண்டும். மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கேட்டவுடன் சிரிக்கத் தோன்றும் வாக்கியம்தான் அது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, கோபுரம் உயிரோடு இருந்தது, தான் நலம் என்று சென்னைக்கு விடாமல் சொல்லிக்கொண்டும் இருந்தது, ஊருக்குப் போகும் பாகம் மட்டும் செத்திருந்தது. அவருக்குத் தேநீர் வாங்கித் தந்தேன். தேநீர் குடித்த பிறகுதான் சொன்னார், வரிசையில் நின்றபோது சொல்லவில்லை, புகார்த்தாளிலும் எழுதவில்லை. அவர் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த வாரம் இறந்துவிட்டார், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், இரண்டு நாள் பிணத்தை வைத்துக்கொண்டு ஊரே கைபேசிகளைத் தூக்கிப் பிடித்துக் கொல்லை கொல்லையாக நடந்திருக்கிறது, மூன்றாம் நாள் தாளாமல் தம்பி மகனை வைத்துக் கொள்ளி போட்டுவிட்டார்கள். என் கையெழுத்துக்குப் பிறகு வந்த இரண்டு நாள்கள் அவை. நான் போடாமல் இருந்திருந்தால் செம்பியன்கரை சிவப்பாகவே இருந்திருக்கும், சிவப்பாக இருந்தால் யாராவது போயிருப்பார்கள், ஒருவேளை போயிருப்பார்கள். கலியமூர்த்தி இதைச் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார், கடைக்காரர் இருக்கும்போதே தானே கழுவி வைத்தார், "அடுத்த தடவ வந்தீங்கன்னா ஒரு மணி நேரம் கூட இருங்கம்மா. எங்க கடை மிசின் பேட்டரிகூட ஆபீசரு நிக்கிற வரைக்கும் நல்லாத்தான் வேலை செய்யிது," என்றார். நான் தலையாட்டினேன். தாளின் கீழே இருந்த அவர் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் குறிப்பேடு தீர்ந்து அடுத்தது, அதுவும் தீர்ந்து அடுத்தது, ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அந்த எண்ணை மறுபடி எழுதுகிறேன், ஒரு முறையும் அழைத்ததில்லை. என்ன சொல்வது, நீங்கள் என்னைத் திட்டாமல் விட்டதற்கு நன்றி என்றா, திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், விதிகளை எடுத்துக் காட்டியிருப்பேன், அன்று இரவே மறந்திருப்பேன், நீங்கள் சிரித்ததால்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றா. முழங்கால் வலிக்கிறது. பங்குனியில் ஓய்வு.

இரண்டு ஐம்பத்தொன்று, ஊருக்குள் ஒரு வீட்டில் ஓடிய மின்விசிறியின் கறகறப்பு நிற்கிறது, அன்வர்தீன் நிமிர்கிறார், நானும். மின்சாரம் போய்விட்டது. காலையில் கம்பி இழுத்தவர்கள் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கடலையே முதன்முறை பார்த்தவர்கள், ஒருவர் அலையில் காலை நனைத்து ஊருக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்று அன்வர்தீனிடம் கெஞ்சினார், அவர்கள் போகும்போதே சொன்னார்கள், இன்று நாலைந்து தடவை போய்ப் போய் வரும் என்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கழுத்தளவு தண்ணீரில் கம்பம் நட்டவர்கள். இனி பேட்டரி மட்டும். ஒன்பது நிமிடத்தில் மூன்று மணி. பெட்டியின் பச்சை விளக்கு ஒரு முறை இமைத்தது, இல்லை, நான்தான் இமைத்தேன். "போட்டுரலாமா மேடம்?" அன்வர்தீனின் கை ஜெனரேட்டரின் மேல் இருக்கிறது, அவருக்கு என்னைத் தெரியும், ஆனாலும் கேட்கிறார், கேட்பதுதான் மனிதத்தன்மை, போட்டால் சோதனை முறிந்தது, முதலிலிருந்து ஒரு மணி நேரம், லாரி போகாது, அலையாத்திமேடு. போடாவிட்டால், உப்புத் தண்ணீரில் நின்ற பேட்டரி அணைந்தால், தஞ்சாவூரில் ஒரு மனிதர் கையெழுத்துப் போடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார், சீழ் காத்திராது. அஞ்சம்மாளைப் பார்க்கிறேன், பார்க்கக் கூடாது, நான் பார்த்தால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், என் வேலையை அவள் தலையில் ஏற்றுவது அது. பார்த்துவிட்டேன். அவள் கைபேசியைப் பார்க்கவில்லை, அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து நெஞ்சோடு வைத்திருக்கிறாள், என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னம்மா இப்புடி வேர்க்குது ஒங்களுக்கு?" என்கிறாள், எழுந்து வருகிறாள், தென்னம் மட்டை ஒன்றை முறித்து எனக்கு விசிறுகிறாள், அவளுக்கு நான் விசிற வேண்டிய நேரத்தில் எனக்கு அவள், "நின்னா நிக்கிது, போனா திருப்பிப் போடுவாரு இந்த பாய். எங்கூட்டுக்காரரு ஒரு மணி நேரம் கூடவே மொண்டு புடிப்பாரு, அவரப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது," என்கிறாள். அன்வர்தீன் சிரிக்கிறார். ஆமாம், அணைந்தால் திருப்பிப் போடலாம், ஒரு நிமிடத்தில் வந்துவிடும், அவள் அழைப்பு பிழைக்கும், லாரிதான் தவறும். இந்த எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை, பயம் எல்லாவற்றையும் ஒரே முறைதான் நடக்கும் என்று நினைக்க வைக்கிறது, செம்பியன்கரை ஒரு முறைதான் நடந்தது, அதனால். அன்வர்தீனின் கை ஜெனரேட்டரை விட்டு இறங்குகிறது, ஆனால் விலகவில்லை, அருகிலேயே இருக்கிறது. இரண்டு ஐம்பத்தெட்டு. இந்த இரண்டு பேரும், அந்தப் பேட்டரியும், விசிறும் மட்டையும், நான் எங்கே போய்ச் சம்பாதித்தேன் இவர்களை.

மூன்று நாலு. மூன்று ஐந்து. டாக்டர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை. மூன்று ஆறு, சேலைத் தலைப்புக்குள் ஒலிக்கிறது, முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கிறாள், கண்ணாடியில் வட்டம், சுற்றுகிறது, சுற்றுகிறது, நான் எண்ணுகிறேன், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எண்ணுகிறேன், நாலு, ஐந்து, முகம். மகன் முகம், பிறகு கூரை, பிறகு கட்டில், பிறகு நான் பார்க்கக் கூடாதென்று திரும்பிக்கொள்கிறேன், காதைத் திருப்ப முடியவில்லை. "காட்டுடா. கிட்டக் காட்டு. ம்." வெகுநேரம் ஒன்றுமில்லை, அறுந்துவிட்டதோ என்று திரும்புகிறேன், அறவில்லை, அவள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு, "இந்தாங்க. என்னப் பாருங்க. அங்க எங்க பாக்குறீங்க, இங்க. அது போனா போவட்டும். இத்தன வருசமா உப்புப் பாத்தி மிதிச்சது நீங்களா நானா? ஒங்க காலு டீக்கடைக்குத்தானே நடந்திச்சு. கையெழுத்தப் போடுங்க." அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல், தெளிவாக, கிணற்றுக்குள்ளிருந்து அல்ல, பக்கத்து அறையிலிருந்து வருவது போல, "வூடு நிக்கிதா?" "நிக்கிது." இரண்டு சுவர் நிற்கிறது, காலையில் நான் பார்த்தேன். "கூர?" "அதும் கெடக்கு, எங்க போவப் போவுது. போடுங்க மொதல்ல." பேனா கேட்கும் குரல், டாக்டரின் குரல், யாரோ தாளைப் புரட்டும் ஓசை, தாளைப் புரட்டும் ஓசைகூடக் கேட்கிறது, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் கையெழுத்துப் போடுவதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "போட்டாச்சு," என்கிறது குரல், உடனே அவள் வைத்துவிட்டாள், அவளாகவே, முதலில். வைத்த பிறகு தென்னை மரத்தில் போய் உட்கார்ந்து தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அருகே போகவில்லை. அன்வர்தீன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

மூன்று பத்து. மூன்று பதினொன்று வரை இருக்கிறேன், ஒரு நிமிடம் கலியமூர்த்திக்கு. படிவத்தை எடுக்கிறேன், ஒரு தாள், ஒரே ஒரு தாள். கடைசிக் கட்டம், பொதுமக்களிடமிருந்து வந்த புகார்கள். அஞ்சம்மாளிடம் போய்க் கேட்கிறேன், "எப்படிக் கேட்டிச்சும்மா?" முகத்தைத் திறக்காமலே, "நல்லாக் கேட்டிச்சு. அது மூக்க உறிஞ்சினதுகூடக் கேட்டிச்சு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும்," என்கிறாள். முதல் இரண்டையும் எழுதினேன், மூன்றாவது என்னுடையதல்ல, எழுதவில்லை. கையெழுத்து. பேனா நின்றுபோகவில்லை. லாரிக்குள் ஜெனரேட்டரைத் தள்ளுகிறார்கள், ஓட்டுநர் ஓடையைச் சொல்லி அவசரப்படுத்துகிறார், அன்வர்தீன் எதிர்ப் பக்கம் போகும் என் ஜீப்பின் கதவைத் திறந்து பிடிக்கிறார், ரங்கபாஷ்யத்துக்கு ஒரு பொட்டு அழிந்தது என்று செய்தி அனுப்புகிறேன், அனுப்பியது போய்ச் சேர்ந்தது என்று உடனே காட்டுகிறது. நான்கு கோடு. சிக்னலின் நான்கு கோடும் முழுதாக. குறிப்பேட்டின் முதல் பக்கம். எண் எனக்கு மனப்பாடம்தான், ஆனாலும் பார்த்துப் பார்த்து அழுத்துகிறேன். மணி அடிக்கிறது. செம்பியன்கரையில் அடிக்கிறது, அங்கே ஒரு சட்டைப் பையிலோ எடைத் தராசுக்குப் பக்கத்திலோ அடிக்கிறது, அந்த ஊரில் அடிக்கிறது என்பதே போதும் என்று தோன்றுகிறது, முழுக்க அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை. பரவாயில்லை. கைபேசியை மடியில் வைக்கிறேன், ஜீப் உப்பளத்து வரப்போடு திரும்புகிறது, மடி அதிர்கிறது. "ஆருங்க? போன் பண்ணியிருந்தீங்களே." "சௌந்தரவல்லிங்க. ஒன்பது வருஷம் முன்னாடி, ஒன்றிய ஆபீஸ் வாசல்ல..." "அட, மேசை போட்டிருந்த அம்மாவா? சொல்லுங்கம்மா, என்ன விசயம்?" "ஒண்ணுமில்லீங்க," என்றேன், "கேக்குதா?" அவர் சிரித்தார், அதே சிரிப்பு. "கேக்குதும்மா. நல்லாவே கேக்குது."

திருமதி சௌந்தரவல்லி சொன்ன வடிவம் இவ்விடத்தில் முடிகிறது. அதே நாளைப் பற்றி வேறு இருவரிடமும் கேட்டேன். அன்வர்தீனை அடுத்த தை மாதம் நாகப்பட்டினத்தில் கண்டேன். பேட்டரி ஐம்பத்து நான்காம் நிமிடத்தில் அணைந்தது என்றும், தாம் உடனே ஜெனரேட்டரைப் போட்டதால்தான் அஞ்சம்மாளின் அழைப்பு வந்ததென்றும், கோபுரத்துக்கான கையெழுத்து மறுநாள்தான் ஆனதென்றும், லாரி தரைப்பாலத்தைக் கடக்காததால் திருமதி சௌந்தரவல்லி அலையாத்திமேட்டுக்குத் தாமே படகில் போய், ஜெனரேட்டர் ஒரு நாள் தாமதமாகும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாரென்றும் அவர் சொல்கிறார். "மேடம் அதைச் சொல்லியிருக்க மாட்டாங்களே?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லைதான். கலியமூர்த்தியைச் செம்பியன்கரையில் மாசியில் கண்டேன். அவர் தமக்கு அப்படியொரு அழைப்பு வந்ததே இல்லை என்கிறார். அவருடைய வடிவத்தில் அந்த அம்மையார் ஓய்வு பெற்ற பங்குனியில், ஒரு வெயில் வேளையில், ரேஷன் கடை வாசலுக்கு நேரில் வந்தார். கடை அடைக்கும் வரை, ஒரு மணி நேரத்துக்கும் மேல், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.